தேசிங்கு கேட்டு வாங்கிய மெமோ

1

சென்ற செவ்வாய்க்கிழமை எனக்கு ஒரு திட்டு விழுந்தது. மகள் குடும்பத்தோடு இருக்கலாமென்று மெல்பர்னுக்கு வந்தபிறகு எனக்கு விழுந்த முதல் திட்டு. நண்பர்களுக்குத் தெரிவிக்கவேண்டிய செய்தி என்பதால் எழுதுகிறேன்.

சிரிக்க வேண்டாம். இங்கே திட்டு வாங்குவது விசா வாங்குவதைவிடக் கடினம். விசாவுக்காவது எந்த ஜன்னலில் நிற்கவேண்டும் என்று தெரியும். பஸ் வாசலை அடைத்துக்கொண்டு நான் பயண அட்டையைத் தேடினால் ஓட்டுநர் 'அவசரமே இல்லை' என்கிறார். நூலகப் புத்தகத்தை மாதக் கணக்கில் வைத்திருந்து கொண்டுபோய்க் கொடுத்தேன். கொண்டுவந்ததற்கு நன்றி என்றாள் அங்கிருந்த பெண். பேத்தி பள்ளி ஓட்டப்பந்தயத்தில் கடைசியாக வந்தாள். அதற்கு ஒரு சான்றிதழ் கொடுத்திருக்கிறார்கள், முத்திரையோடு. வாழ்நாள் முழுக்கச் சான்றிதழ்களைச் சரிபார்த்துச் சம்பளம் வாங்கிய எனக்கு அதை எந்த ஃபைலில் சேர்ப்பது என்று தெரியவில்லை.

குழந்தை இப்படிக் கெடக்கூடாது என்று ஒருநாள் அவளை உட்காரவைத்து, எனக்குத் தெரிந்த நல்ல தமிழில், நிறுத்தி நிதானமாகத் திட்டினேன். தமிழ் அவளுக்கு இப்போது காதோரம் மட்டும்தான் இருக்கிறது. கடைசிவரை கவனமாகக் கேட்டுவிட்டு, "வெரி நைஸ், தாத்தா. இன்னொரு தடவ சொல்லு" என்றாள். பாட்டு என்று நினைத்துக்கொண்டாள் போல.

நான் அம்பத்தூர் தொழிற்பேட்டையில், லாரிகளுக்கு வாஷரும் கிளாம்பும் அடிக்கும் ஒரு கம்பெனியில் பெர்சனல் ஆபீசராக இருந்து ஓய்வுபெற்றவன். காலையில் கேட்டைத் தாண்டும்போது ஒருவர் என்னைத் திட்டிக்கொண்டிருப்பார். மாலையில் வெளியே வரும்போது வேறொருவர். போனஸ் பேச்சுவார்த்தை நடக்கும் நாட்களில் என் பெயரை வைத்துக் கோஷமே உண்டு. எதுகை மோனை தப்பாது. அப்படி வளர்ந்த உடம்பு. அதைக் கொண்டுவந்து இங்கே வைத்து 'வெல் டன்', 'வெல் டன்' என்றால் ஏற்குமா?

2

"அப்பா, வீட்டில் உட்கார்ந்துகொண்டு மின்சாரக் கட்டண பில்லில் இலக்கணப் பிழை பார்க்காதீர்கள்" என்று சொல்லி, மகள் என்னை ஒரு கடையில் சேர்த்துவிட்டாள். ஜனங்கள் கொடுக்கும் பழைய துணிமணி, பாத்திரம் பண்டங்களை விற்று அந்தப் பணத்தில் தரும காரியம் செய்யும் கடை. எனக்கு வாரத்தில் இரண்டு நாள், சம்பளமில்லாத வேலை. சம்பளம் இல்லாவிட்டாலும் விண்ணப்பம் உண்டு, நன்னடத்தைச் சான்று உண்டு, அடையாள அட்டை உண்டு. மூன்றையும் ஒரே வாரத்தில் முடித்தேன். அந்த வாரம் நான் இந்த ஊரில் மிகவும் சந்தோஷமாக இருந்தேன்.

ஒருமுறை காய்ச்சல் வந்தது. முறைப்படி விடுப்புக் கடிதம் எழுதி மகளிடம் கொடுத்தனுப்பினேன். நாம் எல்லோரும் பள்ளியில் எழுதிய அதே வாசகம்தான்: காய்ச்சலால் அவதிப்படுகிறேன், விடுப்பு அளிக்கும்படி இறைஞ்சுகிறேன், என்றும் தங்கள் கீழ்ப்படிந்துள்ள. கடை மேலாளர் மார்கரெட் அதைப் படித்துப் பதறிப்போய் வீட்டுக்குப் போன் செய்துவிட்டார். அப்பா அவதிப்படவுமில்லை, யாரிடமும் இறைஞ்சவுமில்லை, சாதாரண ஜலதோஷம்தான் என்று மகள் வெகுநேரம் சமாதானம் சொன்னாள். அந்தக் கடிதம் இப்போது கடையின் பின்னறையில், குழந்தைகள் வரைந்த படங்களுக்கு நடுவே ஒட்டப்பட்டிருக்கிறது.

அங்கே என்னோடு துணி மாட்டுகிறவள் டெபி. வயது ஐம்பதிருக்கும். இல்லாத குரல்கள் காதில் கேட்கும் நோய் தனக்கு உண்டென்று முதல் நாளே சொல்லிவிட்டாள், சர்க்கரை நோயைச் சொல்வதுபோல. அவளுக்குச் சம்பளம் உண்டு. வாரம் ஒருமுறை ஒரு பெண் வந்து வேலை எப்படிப் போகிறது, மேலாளரோடு சிக்கல் உண்டா, நேரத்தை மாற்றவேண்டுமா என்று விசாரித்துவிட்டுப் போகிறாள். மனநோய் உள்ளவரை வேலைக்குத் தயார் செய்துகொண்டே வருடங்களைக் கழிக்காமல், நேராக வேலையில் சேர்த்துவிட்டுக் கூடவே ஓர் ஆளைத் துணைக்கு வைப்பது ஏற்பாடு. அதற்கு இங்கே ஒரு பெயர் இருக்கிறது, அலுவலகம் இருக்கிறது, தடிமனாக ஒரு கையேடு இருக்கிறது.

எண்பதுகளின் பிற்பகுதியில் அம்பத்தூரில் எங்களிடம் இவை ஏதும் இல்லை. எஸ்தர் என்று ஒருவர் இருந்தார். அவரிடம் ஒரு மொபெட் இருந்தது.

3

தேசிங்கு கள்ளிக்குப்பத்துக்காரன். தொழிற்பேட்டை வருவதற்குமுன் இந்தப் பக்கத்து வயல்களில் அவனுடைய அப்பா கூலி வேலை செய்தார். அவன் எங்களிடம் பிரஸ் ஆபரேட்டர், தற்காலிகம். தகட்டை உள்ளே வைத்துப் பெடலை மிதித்தால் மேலிருந்து டை என்னும் வெட்டச்சு இறங்கி வாஷராக வெட்டிப்போடும். நல்ல வேலைக்காரனா என்றால், சுமார். சுமாரான வேலைக்காரர்களால்தான் அந்தத் தொழிற்பேட்டையே ஓடிக்கொண்டிருந்தது.

ஒருநாள் அவன் மெஷினை நிறுத்திவிட்டு ஃபோர்மேனிடம் போனான். "அண்ணே, இந்த மெஷினு என் சம்சாரத்தப் பத்தித் தப்புத் தப்பாப் பேசுது. இன்னான்னு வந்து கேளு" என்றான்.

ஃபோர்மேன் பிரஸ் ஷாப்பிலேயே காலம் தள்ளி இரண்டு காதும் மந்தமானவர். மெஷின் அருகே போய்க் குனிந்து கேட்டுவிட்டு, "எனக்கு ஒன்னும் கேக்கலியேப்பா" என்றார். அது சத்தியமான வார்த்தை. அவருக்கு எதுவுமே கேட்காது.

அதன்பிறகு கீழ்ப்பாக்கத்தில் சில மாதம் வைத்தியம் நடந்தது. நன்றாகவே தேறினான். தேறியவனுக்கு வேலை வேண்டுமே? அதற்காகத்தான் எஸ்தர் மொபெட்டில் வந்தார். ஆவடியில் சிறியதாக ஒரு தொண்டு நிறுவனம் வைத்து நடத்தியவர்களில் ஒருவர். குட்டையான பெண்மணி, ஹெல்மெட்டைக் கழற்றாமலே பேசுவார், எந்த நேரமும் யாராவது வெளியே போகச் சொல்லக்கூடும் என்பதுபோல.

எங்கள் ஒர்க்ஸ் மானேஜர் வரதன் அவரைக் கேட்டார்: "மெஷினோட பேசற ஆளை மறுபடியும் மெஷின்ல உக்கார வைக்கச் சொல்றீங்களா?"

"மெஷின்ல வேணாம் சார். மாத்திரையால கொஞ்சம் தூக்கம் வரும். மேஜை வேலை குடுங்க. காலைல ஒரு மணி நேரம் லேட்டா வரட்டும், சாயங்காலம் லேட்டாப் போகட்டும். வாரா வாரம் நான் வந்து பாத்துக்கறேன். சார், அவருக்கு வேலைதான் பாதி மருந்து. வேலை இல்லன்னா வீட்டுல சுருண்டு படுத்துடுவாரு. படுத்துட்டாருன்னா மாத்திரையையும் விட்டுடுவாரு. அப்புறம் மறுபடி முதல்லேர்ந்து."

வரதன் என்னைப் பார்த்தார். அடித்துவரும் வாஷர்களின் ஓரத்தில் பிசிறு நிற்கும். அதை அரத்தால் தேய்த்து எடுக்கும் மேஜையில் ஓர் இடம் காலி என்று சொன்னேன். வரதன் சம்மதித்தார், ஒரு நிபந்தனையோடு. பெயர் மஸ்டர் பதிவேட்டில் ஏறாது. சம்பளம் வவுச்சரில். டோக்கன் கிடையாது.

டோக்கன் என்பது நம்பர் பொறித்த பித்தளை வில்லை. கேட்டருகே ஒரு பலகையில் வரிசையாகத் தொங்கும். உள்ளே வரும்போது நம்முடையதை எடுத்து மறுபக்கப் பலகையில் மாட்டவேண்டும். டோக்கன் இருப்பவன் தொழிலாளி. இல்லாதவன் விருந்தாளி. சட்டப்படி தேசிங்கு எங்கள் கம்பெனிக்குத் தினமும் வந்துபோகும் விருந்தாளி.

4

எஸ்தர் முதல் வாரம் பிரஸ் ஷாப் ஆட்களைக் கூட்டி, தேசிங்குக்கு என்ன நோய், என்ன மாத்திரை, என்ன கஷ்டம் என்று எளிமையாக எடுத்துச் சொன்னார். "மாத்திரையை மறக்காம போடறாரான்னு கூட இருக்கறவங்க கொஞ்சம் பாத்துக்கங்க" என்றும் சொன்னார்.

அதுதான் வினை. கூட இருக்கிறவர் என்று ஒருவரைக் குறித்துச் சொல்லவில்லை. ஆகவே எல்லோரும் பார்த்துக்கொண்டார்கள். கேட்டில் வாட்ச்மேன் கேட்டார், "மாத்திரை போட்டியாப்பா?" டீ கொண்டுவருகிறவர் கேட்டார். லேத்காரர் கேட்டார். லாரியில் தகடு கொண்டுவந்த திருவொற்றியூர் டிரைவர், யார் எவரென்றே தெரியாமல், எல்லோரும் கேட்கிறார்களே என்று தானும் கேட்டார்.

"கீழ்ப்பாக்கத்துல ஒரே ஒரு நர்ஸு சார் கேட்டாங்க. இங்க கம்பெனி பூரா நர்ஸு" என்றான் தேசிங்கு.

எஸ்தர் அடுத்த வாரம் வந்து அதை நிறுத்தினார். ஆனால் கருணையை நிறுத்த அவராலும் முடியவில்லை. தேசிங்கை யாரும் ஒரு சொல் சொல்வதில்லை. அவன் தேய்த்த வாஷரில் பிசிறு அப்படியே இருந்தால், பக்கத்து மேஜைக்காரன் சத்தமில்லாமல் எடுத்துத் தன் பங்கில் சேர்த்துத் தேய்த்துவிடுவான். தேசிங்கு பீடி பற்றவைத்த இடத்தில் 'புகை பிடிக்காதீர்' பலகை இருந்தது. ஃபோர்மேன் பார்த்தார், யோசித்தார், பலகையைக் கழற்றிக்கொண்டுபோய் வேறு சுவரில் மாட்டினார்.

ஒருநாள் காலை தேசிங்கு என் அறைக்கு வந்து நின்றான்.

"சார், எனக்கு ஒரு மெமோ குடு."

மெமோ வேண்டாம் என்று கேட்டு என் மேஜைமுன் அழுதவர்கள் உண்டு. கிழித்து என் முகத்தில் எறிந்தவர்கள் உண்டு. வேண்டுமென்று கேட்டவன் இவன் ஒருவன்தான். எதற்கு என்றேன்.

"நேத்து டூட்டி டைம்ல எகிறிப் போயி மேட்னி பாத்தேன் சார். திரும்பி வந்தா, சங்கத்து செகரட்டரி ஏயுமல இன்னா கேக்கறான் தெரிமா? 'படம் எப்டி கீது, நைனா?'ன்றான். ஃபோர்மேன் என் கைல கீற முறுக்க வாங்கித் துன்னுட்டு தட்டிக் குடுக்கறாரு. இதே வேற எவனாச்சும் போயிருந்தா உட்டிருப்பியா நீ?"

"மாட்டேன்."

"அப்போ எனக்கு மட்டும் இன்னா?"

"உடம்பு சரியில்லாம இருந்து வந்திருக்கே, அதனால..."

"ஊட்லயும் இதே பேஜாருதான் சார். முன்னெல்லாம் என் சம்சாரம் கன்னிம்மா என்னைத் திட்டினா தெருவே நின்னு கேக்கும். ஒரு குடிகாரன் அவ திட்டறதக் கேட்டே குடிய உட்டான். இப்போ குசுகுசுன்னு 'துன்னியா, தூங்கினியா'ன்றா. எனக்கு பயமா கீது சார். சீக்குக்குக்கூட நான் இப்டி பயந்ததில்ல. எல்லாரும் சேந்துகினு என்னைக் கணக்குலேர்ந்து எடுத்துட்டாங்க சார்."

விசாரித்துச் சொல்வதாகச் சொல்லி அனுப்பினேன். எங்கள் உத்தியோகத்தில் ஒன்றும் சொல்லத் தெரியாதபோது சொல்லும் வாசகம் அது.

5

அதே நாள் மாலை வரதன் கூப்பிட்டனுப்பினார். முதலாளியிடமிருந்து உத்தரவாம்: வவுச்சரில் சம்பளம் வாங்கும் ஆட்கள் ஒருவரும் அடுத்த மாதம் இருக்கக்கூடாது. எங்களிடம் அப்படி இருந்தது ஒரே ஓர் ஆள்தான்.

"அந்த தேசிங்கை அனுப்பிடுங்க சார். அந்தம்மா ஹெல்மெட்டோட வந்து சண்டை போடுமே, அதையும் நீங்களே பாத்துக்கங்க."

எஸ்தர் சொன்னது என் நினைவுக்கு வந்தது. வேலை போனால் படுத்துவிடுவான். படுத்தால் மறுபடி முதலிலிருந்து. நான் இரக்கத்துக்குப் பேர்போனவன் இல்லை. ஆனால் ஒரு மனிதனை முறையில்லாமல் வெளியே அனுப்புவது என்னும் காரியம் எனக்கு உடம்பிலேயே ஒப்பாது.

"அனுப்பலாம் சார். முறைப்படி அனுப்பணும். நாளைக்கு யாராவது கோர்ட்டுக்குப் போனா என்ன காரணம்னு கேப்பாங்க. நல்லவேளையா ஆள் நேத்து வேலை நேரத்துல சினிமாவுக்குப் போயிருக்கான். மெமோ குடுத்து, விசாரணை வைச்சு..."

"பேஷ்! உடனே குடுங்க."

வரதனைப் பற்றி ஒரு விஷயம் சொல்லவேண்டும். நியமன உத்தரவு என்றால் மூக்குக் கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டு வரி வரியாகப் படிப்பார், கையெழுத்துப் போட ஒரு வாரமாகும். தண்டனை என்றால் படிக்காமலே போடுவார். நான் அன்று அவரிடம் பொய் ஏதும் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டது ஒன்றே ஒன்றுதான். எங்கள் நிலையாணை விதிகளின்படி மெமோ கொடுப்பதற்குத் தகுதி வேண்டும். விருந்தாளிக்கு மெமோ கொடுக்கமுடியாது. வாட்ச்மேன் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்தவருக்கு மெமோ கொடுக்கமுடியுமா? தொழிலாளிக்குத்தான் கொடுக்கமுடியும். கொடுத்தால் அவன் தொழிலாளி என்று நிர்வாகமே எழுத்துமூலம் ஒப்புக்கொண்டதாகும். மெமோவில் டோக்கன் எண் குறிப்பிடவேண்டும் என்பதும் விதி. எண் இல்லாமல் எப்படிக் குறிப்பிடுவது? முதலில் டோக்கன் அடித்தேன்.

மறுநாள் தேசிங்கு மெமோவை இரண்டு கையாலும் வாங்கினான். தமிழில் வாசித்துக் காட்டச் சொன்னான். 'தங்களது இச்செயல் கடுமையான ஒழுங்கீனமாகும்' என்ற இடம் வந்ததும், "அத மட்டும் இன்னொரு தபா படி சார்" என்றான்.

6

விசாரணை கேண்டீனுக்குப் பக்கத்து அறையில் நடந்தது. விசாரணை அதிகாரி நான். நிர்வாகத் தரப்பில் வரதன். தேசிங்குக்காக வாதாடச் சங்கச் செயலாளர் ஏழுமலை. வெளியாட்களுக்கு அனுமதி இல்லை என்பதால் எஸ்தர் தாழ்வாரத்தில் ஹெல்மெட்டோடு நின்றார்.

முதல் சாட்சி ஃபோர்மேன். தேசிங்கு வெளியே போனதைப் பார்த்தீர்களா என்று இரண்டுமுறை கத்திக் கேட்டேன்.

"போனதப் பாக்கல சார். வந்ததப் பாத்தேன். கைல முறுக்கு இருந்துச்சு."

"அந்த முறுக்கு எங்கே?"

"நாந்தான் துன்னுட்டேன்."

சான்றுப் பொருளைச் சாட்சியே தின்றுவிட்ட விசாரணை என் அனுபவத்தில் அது ஒன்றுதான்.

பிறகு ஏழுமலை எழுந்தான். நல்ல மனுஷன், மேடைத் தமிழ் கற்றவன், இரவெல்லாம் தயார் செய்திருந்தான் என்று பார்த்தாலே தெரிந்தது. "மதிப்பிற்குரிய விசாரணை அதிகாரி அவர்களே! எமது தோழர் மூளை சுகமில்லாதவர். தாம் என்ன செய்கிறோம் என்பதையே அறியாதவர். பச்சைக் குழந்தை அவர்! வேலை எது, சினிமா எது என்று பிரித்தறியும் சக்தியற்ற ஒருவரை..."

நான் எழுதுவதை நிறுத்தினேன். நிலையாணையில் இன்னொரு விதி இருக்கிறது. வேலை செய்யும் மனநிலையில் இல்லாத தொழிலாளியை மருத்துவக் காரணத்துக்காக விடுவிக்கலாம். மெமோ வேண்டாம், விசாரணை வேண்டாம், சங்கமே ஒப்புக்கொண்டால் ஒரே கடிதம் போதும். நான் டோக்கன் அடித்து உள்ளே இழுத்த மனிதனை ஏழுமலை அன்பினாலேயே வெளியே தள்ளிக்கொண்டிருந்தான். வரதனுக்கு விதிகளில் இந்த ஒன்று மட்டும் மனப்பாடம். நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எழுதிக்கங்க சார். அவர் சொல்றத அப்படியே எழுதிக்கங்க."

விசாரணை அதிகாரி ஒரு பக்கமாக ஜாடை காட்டக்கூடாது. காட்டவில்லை. விதி அனுமதிக்கும் ஒரே கேள்வியைக் கேட்டேன். "தேசிங்கு, உன் பிரதிநிதி சொல்வதற்கு மேல் நீ ஏதாவது சொல்ல விரும்புகிறாயா?"

தேசிங்கு எழுந்தான். என்னைப் பார்க்கவில்லை.

"டேய் ஏயுமல, உக்கார்றா."

ஏழுமலை உட்கார்ந்தான்.

"எனக்கு சீக்கு கீது. இல்லன்னு சொல்லல. மாத்திரை துன்றேன், டாக்டராண்ட போறேன். ஆனா படத்துக்குப் போனது சீக்கு இல்ல மச்சான். படத்துக்குப் போனது நானு. ஒரு வாரமா போஸ்டரப் பாத்துகினே வந்தேன். வாச்மேன் டீ குடிக்கப் போற டைம் பாத்து நைசா வெளிய போனேன். பால்கனி டிக்கட் எடுத்தேன். இதெல்லாம் ஒன்னும் தெரியாத பச்சக் கொயந்த செய்ற வேலையா? தப்பு பண்ணேன். தெரிஞ்சிதான் பண்ணேன். சீக்க எவ்ளோ வேணா சொல்லிக்க. தப்ப மட்டும் என் கைலேர்ந்து புடுங்காத."

"அப்ப மனசறிஞ்சு செஞ்சியா?" என்று வரதன் உறுமினார்.

"மனசறிஞ்சுதான் சார்! இன்டர்வல்ல நினைச்சேன், இப்பவே திரும்பிப் போயிரலாமான்னு. கிளைமாக்ஸ் இருக்குதேன்னு உக்காந்துட்டேன்."

'குற்றம் சாட்டப்பட்டவர் தாம் முழு அறிவோடும் சுய விருப்பத்தோடும் அக்குற்றத்தைச் செய்ததாக ஒப்புக்கொண்டார்' என்று எழுதினேன். வரதன் நிர்வாகத் தரப்பில் கையெழுத்திட்டார், எல்லாக் காப்பியிலும், படிக்காமல். முதல் தடவை செய்த ஒழுங்கீனத்துக்கு விதி அனுமதிக்கும் தண்டனை, எச்சரிக்கையும் ஒருநாள் சஸ்பென்ஷனும். அதையே விதித்தேன்.

தேசிங்கு தாழ்வாரத்துக்கு ஓடினான். "மேடம்! மாட்டிக்கினேன்!"

எஸ்தர் அன்றைக்குத்தான் முதன்முதலாக ஹெல்மெட்டைக் கழற்றினார்.

வரதனுக்கு விஷயம் உறைக்க ஒரு வாரம் ஆயிற்று. "என்ன சார் இது? இப்ப இவன் நம்ம ஆளாயிட்டானா?"

"நீங்கதான் சார் கையெழுத்து போட்டிருக்கீங்க" என்றேன். "டோக்கன் உண்டு. மெமோ உண்டு. தண்டனை உண்டு. சித்த சுவாதீனத்தோட இருக்கான்னு நம்ம தரப்பிலேயே பதிவாகியிருக்கு. இதுக்கு மேல ஒரு தொழிலாளிக்கு என்ன வேணும்?"

7

எங்கள் கேட்டுக்கு எதிரில் ஒரு டீக்கடை உண்டு. சஸ்பென்ஷனில் இருப்பவன் வீட்டில் இருக்கமாட்டான். சலவைச் சட்டை போட்டுக்கொண்டு அந்த டீக்கடை பெஞ்சில் வந்து உட்காருவான். வேலைக்குப் போகிறவர்களும் வருகிறவர்களும் அவனுக்கு டீ வாங்கிக் கொடுக்கவேண்டும். அது எங்கள் பேட்டை வழக்கம். எந்த நிலையாணையிலும் இல்லாதது, எந்த மானேஜராலும் மாற்ற முடியாதது. அன்று தேசிங்கு காலையிலேயே பெஞ்சின் நடுவில் உட்கார்ந்திருந்தான். ஏழுமலைதான் முதல் டீ வாங்கிக் கொடுத்தான்.

"இன்னா மாமே, என் வக்கீல் பேச்சயே கெடுத்துட்டியே" என்றான்.

"நீ பேசினத கேட்டா டாக்டரே என்னை மறுபடி உள்ள போட்டுருப்பாருடா."

மதிய இடைவேளையில் எல்லோரும் வெளியே நின்றபோது பஸ் நிறுத்தத்துப் பக்கமிருந்து அவன் மனைவி கன்னியம்மா வந்தாள், கையில் தூக்குச்சட்டியோடு. செய்தி அப்போதுதான் அவள் காதுக்குப் போயிருக்கிறது. தூக்குச்சட்டியை பெஞ்சில் வைத்தாள். முந்தானையைச் செருகிக்கொண்டாள்.

"யோவ்! வேல நேரத்துல உனுக்கு படம் கேக்குதா? கம்பெனில நம்பி வேல குடுத்தா பால்கனில போயி குந்திக்கினியா? அதுவும் என்னை உட்டுட்டு! கட்னவ ஒருத்தி ஊட்ல கீறாளே, அவ படம் பாத்து எத்தினி வருசமாச்சு, ஒரு வார்த்த கூப்புடுவோம்னு தோணுச்சாய்யா உனுக்கு? மூஞ்சப் பாரு..."

தெரு நின்று கேட்டது. இரண்டு பஸ்கள் வேகத்தைக் குறைத்தன. ஃபோர்மேனுக்கே கேட்டிருக்கவேண்டும்; தலையாட்டினார். நான் ஆபீஸ் ஜன்னலில் நின்றுகொண்டிருந்தேன். தேசிங்கு தலையைக் குனிந்து திட்டை வாங்கிக்கொண்டே என் பக்கம் ஒரு பார்வை பார்த்தான். பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய பிள்ளை கூட்டத்தில் அப்பாவைத் தேடும் பார்வை.

அதன்பிறகு அவன் நான் ஓய்வுபெறும்வரை அதே மேஜையில் இருந்தான். நடுவில் ஒருமுறை நோய் திரும்பியது. எஸ்தர் வந்து சொன்னார், முறைப்படி விடுப்பு கொடுத்தோம், திரும்பி வந்தான். தொழிலாளி என்றால் விடுப்பு உண்டல்லவா? வேலை கடைசிவரை சுமார்தான். ஒரு ஆயுத பூஜைக்குக் கள்ளிக்குப்பத்தில் அவன் வீட்டுக்குப் போனேன். சாமி படங்களுக்கு நடுவே சட்டம் போட்டு மாட்டியிருந்தது எங்கள் மெமோ. சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தான். நான் போட்ட கையெழுத்துக்கு வேறெங்கும் அந்த மரியாதை கிடைத்ததில்லை.

8

இனி செவ்வாய்க்கிழமை.

கடையில் சட்டைகளை ஹேங்கரில் மாட்டிக் கம்பியில் தொங்கவிடுவது என் வேலை. வந்த நாளாக ஹேங்கர் கொக்கிகளை வாய் முன்பக்கம் பார்க்கும்படி மாட்டிக்கொண்டிருந்தேன். பின்பக்கம் பார்க்கவேண்டுமாம். அப்போதுதான் அவசரத்தில் எடுத்தாலும் பக்கத்துச் சட்டையோடு சிக்காதாம். மார்கரெட்டுக்கு இது தெரியும். நான் வீட்டுக்குப் போனபிறகு அவரே எல்லாவற்றையும் திருப்பி மாட்டிவிட்டு, மறுமுறை என்னைப் பார்த்ததும் 'வெல் டன்' என்று சொல்லியிருக்கிறார். அரத்தால் என் பிசிறைத் தேய்த்தார் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

செவ்வாய்க்கிழமை மார்கரெட் பின்னறையில் இருந்தார். டெபி வந்து என் வரிசையைப் பார்த்தாள். அவள் பேசியது என்னவோ ஆங்கிலம். என் காதில் விழுந்தது வேறு.

"இன்னா பெர்சு, கொக்கி எந்தப் பக்கம் பாக்குது? கண்ணு கீதா இல்லியா உனுக்கு? தினிக்கும் நீ தப்பா மாட்டுவ, அந்தம்மா ராவெல்லாம் திருப்பி மாட்டும். எல்லாத்தயும் எறக்கு!"

எனக்குக் கண்கள் பனித்தன. மார்கரெட் அதைத் தவறாகப் புரிந்துகொண்டு ஓடிவந்தார். அன்றைக்கு டெபியின் துணைப்பெண் வரும் நாள்; அவளும் வந்துவிட்டாள். டெபி வேண்டுமென்று சொல்லவில்லை, அவளுக்கு இன்று உடம்பு சரியில்லை, அதனால் வந்த பேச்சு, தயவுசெய்து மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று மார்கரெட் சொன்னார். நான் விரும்பினால் புகார் கொடுக்கலாம், படிவம் இருக்கிறது என்றாள் துணைப்பெண். டெபி கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றாள். முகம் சிவந்திருந்தது. வேலை போய்விடுமோ என்று அவள் பயந்திருக்கலாம். அதைவிட, தான் சொன்ன சரியான வார்த்தையை நோய்க் கணக்கில் எழுதுகிறார்களே என்ற ஆத்திரம்தான் எனக்குத் தெரிந்தது. அந்த முகத்தை நான் கேண்டீன் பக்கத்து அறையில் பார்த்திருக்கிறேன்.

"அம்மா, பேசியது டெபி. அவளுடைய நோய் இல்லை" என்று மார்கரெட்டிடம் சொன்னேன். "கொக்கிகள் தப்பான பக்கம்தான் இருக்கின்றன. நான் பார்த்துச் சொல்கிறேன். புகார் வேண்டாம். முடிந்தால் எனக்கு ஒரு மெமோ கொடுங்கள். எழுத்துமூலம்."

அப்படி ஒரு படிவம் தங்களிடம் இல்லை என்றாள் துணைப்பெண், உண்மையான வருத்தத்தோடு. எனக்கும் வருத்தம்தான். பூஜை அறையில் இடம் பார்த்துவிட்டேன்.

டெபி கட்டிய கையை அவிழ்த்தாள். இரண்டு பேரையும் விலக்கிக்கொண்டு வந்து என் முன்னால் நின்றாள்.

"இன்னும் இன்னா பாத்துகினு நிக்கற? சட்டைய முடி. அப்பறம் பேண்ட்டு கீது."

எல்லாவற்றையும் இறக்கினேன்.